“பொங்கலுக்கு வர்றேன்!” - வெளிநாட்டு நண்பர் கேட்டால்... கும்மிடிப்பூண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விசா விஷயங்கள்

ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்காகக் காத்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. ‘இந்த வருஷம் பொங்கலுக்கு உங்க ஊருக்கு வரலாம்னு இருக்கேன். விசாவுக்கு என்ன செய்யணும்?’

அனுப்பியவர், உங்கள் கம்பெனிக்குப் புது மெஷின் பொருத்த வந்து மூன்று மாதம் கூடவே டீ குடித்த ஜப்பான் இன்ஜினீயராக இருக்கலாம். உங்கள் வீட்டு மீன் குழம்பை மறக்க முடியாத கொரியராக இருக்கலாம். வேலை நிமித்தமாக நீங்கள் வெளிநாடு போயிருந்தபோது, ஊர் தெரியாமல் தவித்த உங்களைக் கைப்பிடித்து அழைத்துப்போன ஜெர்மன்காரராகவும் இருக்கலாம்.

‘தாராளமா வாங்க’ என்று பதில் போட ஒரு நொடி போதும். அதன் பிறகுதான் சந்தேகங்கள் வரிசை கட்டும். எந்த விசா, எந்த வெப்சைட், யாருடைய பெயரைக் கொடுப்பது, வீட்டில் தங்கவைக்கலாமா, போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா?

விசாவுக்கு விண்ணப்பிப்பவர் நண்பர்தான். ஆனால், அந்த விண்ணப்பத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. நண்பர் வந்து இறங்கிய பிறகு சட்டம் உங்களிடமும் சில வேலைகளை எதிர்பார்க்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெஷினோடு வந்த நட்பு

திருவள்ளூர் மாவட்டத்துக்கு வெளிநாட்டினர் புதியவர்கள் அல்ல. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில், ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்துடன் சேர்ந்து 1998-லேயே லான்சர் கார் தயாரானது. பின்னாளில் அதே திருவள்ளூரிலிருந்து பிரான்ஸின் சிட்ரோயன் கார்கள் வெளிவந்தன. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் இருக்கிறது. பக்கத்திலேயே ஜப்பானின் சுமிடோமோ நிறுவனமும் மஹிந்திராவும் இணைந்து உருவாக்கிய ‘ஒரிஜின்ஸ்’ தொழிற்பூங்கா. மாநில எல்லையைத் தாண்டி தடா பக்கம் போனால், இசுசு, கோபெல்கோ, டைகின் போன்ற நிறுவனங்கள் இயங்கும் ஸ்ரீசிட்டி.

இங்கெல்லாம் மெஷின் பொருத்தவும், பயிற்சி கொடுக்கவும், தரம் பார்க்கவும் வெளிநாட்டினர் வருகிறார்கள். அப்போதெல்லாம் விசா வேலைகளைக் கம்பெனியின் ஹெச்.ஆர் பிரிவு பார்த்துக்கொள்ளும். அழைப்புக் கடிதம் தொடங்கி, தங்குமிடம், கார் வரை எல்லாம் கம்பெனி செலவு. அதே நபர் நண்பராகத் திரும்பி வரும்போது ஹெச்.ஆர் கிடையாது. நீங்கள்தான் ஹெச்.ஆர்!

எந்த நாட்டுக்காரர்... எந்த விசா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நண்பரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்பது. எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

2010-ல் ஜப்பான், சிங்கப்பூர், பின்லாந்து, லக்ஸம்பர்க், நியூசிலாந்து ஆகிய 5 நாட்டினருக்கு மட்டும், விமான நிலையத்தில் வந்திறங்கியதும் சுற்றுலா விசா தரும் முறை தொடங்கியது. 2014 நவம்பர் 27 முதல் இணையத்திலேயே விண்ணப்பித்து முன் அனுமதி வாங்கும் முறை, 43 நாடுகளுக்கும் 9 விமான நிலையங்களுக்கும் அறிமுகமானது. அந்த 9-ல் சென்னையும் ஒன்று. இன்று 160-க்கும் மேற்பட்ட நாட்டினர் இந்த இ-விசா வசதியைப் பயன்படுத்தலாம். தூதரகத்துக்கு அலைய வேண்டாம். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

சில நாட்டினருக்கு விதிகள் வேறு:

* நேபாளம், பூடான் குடிமக்களுக்கு விசாவே தேவையில்லை. மாலத்தீவுக்காரர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் 90 நாள் வரை தங்கலாம்.
* ஜப்பானியர்களுக்கு 2016 முதலும், தென்கொரியர்களுக்கு 2018 முதலும், சென்னை உட்பட சில பெரிய விமான நிலையங்களில் வந்திறங்கியதும் விசா பெறும் வசதி உண்டு. 60 நாள் வரை தங்கலாம். ஆனாலும், புறப்படும் முன்பே இ-விசா எடுத்துக்கொண்டால் நள்ளிரவு விமானத்தில் வந்திறங்கி அதற்கென ஒரு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.
* சீனர்களுக்கு நீண்ட இடைவெளிக்குப் பிறகு, 2025 ஜூலை 24 முதல் சுற்றுலா விசா மீண்டும் வழங்கப்படுகிறது. இது இ-விசா அல்ல. அங்குள்ள விசா மையத்தில் நேரில் விண்ணப்பிக்க வேண்டும்.
* பாகிஸ்தான் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற பாகிஸ்தான் வம்சாவளியினரும் இ-விசாவில் வர முடியாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தூதரகம் வழியாக வழக்கமான விசாவுக்குத்தான் போக வேண்டும்.

இ-டூரிஸ்ட் விசாவில் 30 நாள், 1 ஆண்டு, 5 ஆண்டு என மூன்று வகை. பொங்கலுக்கு வந்து போக 30 நாள் விசா போதும். இதற்கு, வந்து சேரும் தேதிக்கு 30 நாள் முன்னதாகத்தான் விண்ணப்பிக்க முடியும். குறைந்தது 4 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். ‘இப்பவே அப்ளை பண்ணிடுங்க’ என்று அக்டோபரில் அவசரப்படுத்திப் பயனில்லை. 1 ஆண்டு, 5 ஆண்டு விசாக்களுக்கு 120 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 30 நாள் விசாவுக்கு வரும் அனுமதிக் கடிதத்தில் ஒரு காலாவதி தேதி இருக்கும். அது நண்பர் ஊர் திரும்ப வேண்டிய தேதி அல்ல. அந்தத் தேதிக்குள் அவர் இந்தியாவுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று அர்த்தம். நுழைந்த நாளிலிருந்துதான் 30 நாள் கணக்கு தொடங்கும். 1 ஆண்டு, 5 ஆண்டு விசாக்களுக்கு அப்படி இல்லை. அனுமதி கிடைத்த நாளிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். பல நாட்டினருக்கு 30 நாள் விசா ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர், ஜூலை முதல் மார்ச் வரை 25 டாலர். 1 ஆண்டுக்கு 40 டாலர், 5 ஆண்டுக்கு 80 டாலர். கூடவே வங்கிக் கட்டணம் கொஞ்சம். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது.

முதல் பொறி... வெப்சைட்!

நண்பர் இணையத்தில் ‘இந்தியா விசா’ என்று தேடினால், மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்கள்தான். பார்க்க அரசு இணையதளம் மாதிரியே இருக்கும். மூவர்ணம் இருக்கும், தாஜ்மஹால் படம் இருக்கும். 25 டாலர் விசாவுக்குப் பல மடங்கு பணம் கேட்கும் தரகர்கள் இங்கே உண்டு. பணத்தையும் பாஸ்போர்ட் நகலையும் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் போலிகளும் உண்டு.

அரசின் இணையதளம் ஒன்றுதான்: இந்தியன்விசாஆன்லைன் டாட் கவ் டாட் இன். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த லிங்க்கை நீங்களே சரிபார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் செய்யும் உதவிகளிலேயே பெரிய உதவி இதுதான்.

நண்பருக்காக நீங்களே விண்ணப்பத்தை நிரப்புவதாக இருந்தால், பிரவுசிங் சென்டரைத் தவிர்ப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால், அங்குள்ள கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்த பாஸ்போர்ட் நகலை அழித்துவிட்டு, மெயிலை லாக் அவுட் செய்துவிட்டுக் கிளம்புங்கள். படிவத்தைப் பாதியில் நிறுத்தினாலும் கவலை வேண்டாம். ஒரு தற்காலிக விண்ணப்ப எண் கிடைக்கும். அதை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

‘அங்க அடையாளமா... எதுக்கு?’

இந்திய விசா படிவத்தைப் பார்க்கும் வெளிநாட்டினர் சில கேள்விகளில் திகைத்து நிற்பார்கள். அவற்றில் ஒன்று, உடலில் தெரியும் அடையாளம். பள்ளிக்கூட டி.சி-யில் ‘இடது கன்னத்தில் ஒரு மச்சம்’ என்று எழுதிப் பழகிய நமக்கு இது சாதாரணம். ‘என் மச்சத்தைப் பற்றி உங்கள் அரசாங்கத்துக்கு என்ன கவலை?’ என்று அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். மதம், படிப்பு, அப்பா அம்மா பெயர், அவர்கள் பிறந்த ஊர், கடந்த 10 ஆண்டுகளில் போன நாடுகள், கடந்த 3 ஆண்டுகளில் சார்க் நாடுகளுக்குப் போனதுண்டா என்று கேள்விகள் நீளும். எல்லோரிடமும் கேட்பவைதான் என்று தைரியம் சொல்லுங்கள்.

உண்மையில் தடுமாற வைக்கும் இடங்கள் இவை:

பெயர்: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்பதை நாம் ஊகித்து நிரப்பக் கூடாது. கொரியர், சீனர் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். நாம் இடம் மாற்றிப் போட்டுவிட வாய்ப்பு அதிகம். பாஸ்போர்ட் எண்ணில் வருவது பூஜ்யமா, ‘ஓ’ என்ற எழுத்தா என்று இரண்டு முறை பாருங்கள். இந்தத் தவறுகள் விமானம் ஏறும் நாளன்று, செக்-இன் கவுன்ட்டரில்தான் வெளியே வரும். அப்போது திருத்த நேரம் இருக்காது.

தேதி: அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். படிவம் கேட்பது நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. 05/03 என்பது மார்ச்சா, மே மாதமா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

‘இதற்கு முன் இந்தியா வந்திருக்கிறீர்களா?’: கம்பெனி வேலையாக ஏற்கெனவே வந்து போனவர் ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டும். பழைய விசா எண், அது எந்த வகை விசா, எப்போது எங்கே வழங்கப்பட்டது, இந்தியாவில் எங்கே தங்கினார் என்ற விவரங்கள் தேவைப்படும். பழைய பாஸ்போர்ட்டில் தேடச் சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால், அப்போது அவரை அழைத்த கம்பெனியின் ஹெச்.ஆரிடம் நகல் இருக்கக்கூடும். இவ்வளவு தேடுவதற்குச் சோம்பல்பட்டு ‘இல்லை’ என்று போட்டுவிட்டால், அது பொய்த் தகவல் ஆகிவிடும். முந்தைய வருகை குடியேற்றத் துறையின் பதிவுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

இந்தியாவில் ரெஃபரென்ஸ்: உங்கள் பெயர் இடம்பெறும் கட்டம் இதுதான். பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் கேட்கும். ஆதாரில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். கதவு எண், தெரு, கும்மிடிப்பூண்டி என்றால் 601201, திருவள்ளூர் என்றால் 602001 எனப் பின்கோடு வரை முழுமையாக எழுதுங்கள். போன் நம்பர், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தாலும் நீங்கள் எடுக்கும் நம்பராக இருக்கட்டும். விமான நிலையத்தில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், ‘இவர் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்?’ என்ற கேள்விக்கான பதில் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

நோக்கம்: ஊர் சுற்றிப் பார்ப்பது மட்டுமல்ல, நண்பர்களையும் உறவினர்களையும் பார்க்க வருவதும் இ-டூரிஸ்ட் விசாவில் அனுமதிக்கப்பட்ட நோக்கம்தான். ‘நண்பரைப் பார்க்க’ என்ற உண்மையையே சொல்லலாம். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இணைக்க வேண்டியவை இரண்டே இரண்டு. வெள்ளைப் பின்னணியில், முகம் முழுதாகத் தெரியும் சதுர வடிவப் புகைப்படம். இது ஜேபெக் வடிவில் 10 கேபி முதல் 1 எம்பி-க்குள் இருக்க வேண்டும். அடுத்து, பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கம். இது பிடிஎஃப் வடிவில் 10 கேபி முதல் 300 கேபி-க்குள் இருக்க வேண்டும். மொபைலில் எடுத்த படம் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டிவிடும் என்பதால் சுருக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். 2 வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும்.

அழைப்புக் கடிதம் இ-டூரிஸ்ட் விசாவுக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. அவரை எப்படித் தெரியும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வருகிறார், எங்கே தங்குவார், உங்கள் போன் நம்பர் என்ன... இவ்வளவு போதும்.

தொழிற்சாலை வாசலில் ஒரு கோடு

தொழிற்பேட்டைக்காரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நண்பர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், ‘அவர் வந்து பொருத்தின மெஷின் இப்போ மக்கர் பண்ணுது. அப்படியே ஒரு பார்வை பார்த்துட்டுப் போகட்டுமே’ என்று சூப்பர்வைசர் கேட்கலாம். நண்பரும் ஆசையாகக் கிளம்பலாம். அந்த இடத்தில் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

சுற்றுலா விசாவில் வந்தவர் கல்யாணத்துக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், மாட்டுப் பொங்கலில் மாட்டுக்கு மாலை போடலாம். மெஷினைப் பழுது பார்ப்பது, ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது, தரச் சோதனை செய்வது எல்லாம் வேலை. வியாபாரப் பேச்சுவார்த்தைக்கு பிசினஸ் விசா. வேலை பார்க்க வேலைவாய்ப்பு விசா என்று தனித்தனியாக இருக்கின்றன. ‘சம்பளம் வாங்கலையே, நட்புக்காகத்தானே செஞ்சார்’ என்ற பதில் போதாது. விசாவில் சொன்ன நோக்கமும் இங்கே செய்த காரியமும் ஒத்துப்போக வேண்டும்.

இது ஏட்டளவில் இருக்கும் விதி அல்ல. பிசினஸ் விசாவில் வந்து இந்தியத் திட்டப்பணிகளில் வேலை பார்த்த வெளிநாட்டினரை, ஊர் திரும்பி முறையான வேலைவாய்ப்பு விசாவோடு வருமாறு 2009-ல் மத்திய அரசு சொன்னது. அதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் மின் திட்டங்களில் இருந்த சீனத் தொழிலாளர்கள். 2012 பிப்ரவரியில், சுற்றுலா விசாவில் வந்து நாகர்கோவிலில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவர், கூடங்குளம் போராட்டத்தோடு தொடர்புடையவர் என்று சொல்லி நாடு கடத்தப்பட்டார். அவர் அதை மறுத்தும் விமானம் ஏற்றப்பட்டார்.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 4 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய் - எல்.ஜி பேட்டரி ஆலைக் கட்டுமான இடத்தில் அந்நாட்டு அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். 475 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் தென்கொரியர்கள். குறுகிய கால அனுமதியில் வந்து வேலை செய்கிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. தங்களிடம் உள்ள விசா இந்த வேலைக்குப் போதும் என்று நம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். கைவிலங்கும் கால் சங்கிலியுமாக அவர்கள் அழைத்துச் செல்லப்பட்ட காட்சி தென்கொரியாவையே கொதிக்க வைத்தது. ஒரு வாரம் கழித்துத் தனி விமானத்தில் ஊர் திரும்பினார்கள்.

இந்தியாவில், 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1946-ம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உட்பட 4 பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த சட்டம் இது. இதன்படி, விசா நிபந்தனையை மீறினாலோ, காலம் கடந்து தங்கினாலோ 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மெஷினை ஒரு மணி நேரம் பார்த்ததற்காக, நண்பர் இனி இந்தியாவுக்கே வர முடியாத நிலை ஏற்படலாம்.

கம்பெனிக்கு அவர் தேவையென்றால் கம்பெனியே முறைப்படி அழைக்கட்டும். விருந்துக்கு வந்தவர் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

முகாம் உறவுகளுக்கு...

கும்மிடிப்பூண்டியில் வெளிநாட்டு விருந்தாளிக்காகக் காத்திருப்பவர்கள் தொழிற்சாலைக்காரர்கள் மட்டுமல்ல. தமிழகத்தில் உள்ள பெரிய இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் ஒன்று இங்கே இருக்கிறது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றுவதாக 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு அறிவித்தது. போர் சிதறடித்த குடும்பங்கள் இவை. அண்ணன் கனடாவில், தங்கை லண்டனில், அம்மா கும்மிடிப்பூண்டியில் என்று வாழ்கிறவர்கள் உண்டு. முகாமில் இருப்பவர்களால் பாஸ்போர்ட் எடுத்துப் பறந்துவிட முடியாது. எனவே, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவுகள் சுற்றுலா விசாவில் வந்து பார்த்தால்தான் உண்டு.

இவர்களுக்கு விசா என்பது உல்லாசப் பயணம் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சுற்றுலா விசா, 2021 நவம்பர் 15 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. பிரிட்டன், கனடா குடிமக்களுக்கு இ-விசா திரும்பி வர 2022 டிசம்பர் ஆகிவிட்டது. இந்தியா - கனடா உறவில் விரிசல் விழுந்தபோது, 2023 செப்டம்பர் 21 அன்று கனடா நாட்டினருக்கான விசா சேவை மறுபடியும் நின்றது. இ-விசா மீண்டும் தொடங்கியது நவம்பர் 22-ல்தான். அந்த 2 மாதங்களில் நடந்த கல்யாணங்களையும் சாவுகளையும் பலர் வீடியோ காலில்தான் பார்க்க முடிந்தது.

இப்படி வருகிறவர்கள் மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, விசா என்பது பாஸ்போர்ட்டின் நாட்டைப் பொறுத்தது. கனடா பாஸ்போர்ட் இருந்தால் கனடா நாட்டினருக்கான விதி. இலங்கை பாஸ்போர்ட் இருந்தால் இலங்கையருக்கான விதி. இலங்கைக் குடிமக்களுக்கு 2015 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு முதல் இணையவழி சுற்றுலா விசா வசதி இருக்கிறது. இரண்டாவது, குடியுரிமை பிறப்பால் வந்ததா, பின்னர் பெற்றதா, முன்பு எந்த நாட்டுக் குடிமகன் என்று படிவம் கேட்கும். பிறந்த ஊர் யாழ்ப்பாணமோ, மன்னாரோ, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். மறைத்தால்தான் சிக்கல். மூன்றாவது, முகாமுக்குள் போக அதிகாரிகளின் முன் அனுமதி வேண்டும். தங்குவதற்கு வெளியே ஓர் இடத்தை முன்பே பார்த்து வைத்துவிட்டு வருவது, வந்த இடத்தில் அம்மாவைப் பார்ப்பதற்கான நேரத்தை மிச்சப்படுத்தும்.

வந்து இறங்கிய பிறகு... 24 மணி நேரம்

இ-விசா அனுமதி மெயிலில் வந்ததும் அதை பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மொபைல் சார்ஜ் தீர்ந்துபோனால் உதவும். 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டினர் ‘இ-அரைவல் கார்டு’ என்ற வருகைப் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நேரத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இதைச் செய்யலாம். இது விசா அல்ல, தனிப் படிவம். இதற்குக் கட்டணமும் இல்லை. பணம் கேட்டால் அது போலித் தளம். சென்னை விமான நிலையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுத்துவிட்டு முத்திரை போடுவார்கள்.

பெட்டியில் இரண்டு பொருள்கள் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒன்று, சாட்டிலைட் போன். அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். இது தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இன்னொன்று, இ-சிகரெட். 2019 முதல் இந்தியாவில் அதற்குத் தடை.

அடுத்து, வீடு. வெளிநாட்டினரைத் தங்கவைப்பவர், அது ஹோட்டலாக இருந்தாலும் சொந்த வீடாக இருந்தாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ எனப்படும் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். வழக்கத்தில் இதை ‘ஃபார்ம் சி’ என்பார்கள். அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது. இதற்காக ரயில் ஏற வேண்டியதில்லை, இணையத்திலேயே செய்யலாம். முதலில் உங்கள் வீட்டைத் தங்குமிடமாகப் பதிவு செய்து கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு நண்பரின் பாஸ்போர்ட், விசா விவரங்களை ஏற்ற வேண்டும். கணக்குத் தொடங்கும் வேலையை அவர் வருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே முடித்துவிட்டால், கடைசி நேரப் பதற்றம் இருக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘யாரோ ஃபாரின்காரர் வந்து தங்கியிருக்கார்’ என்று அக்கம்பக்கம் சொல்லி அவருக்குத் தெரியவருவது நல்லதல்ல. கம்பெனி குவார்ட்டர்ஸ், நாலு பேர் சேர்ந்திருக்கும் ரூம் என்றால் லாட்ஜ்தான் வசதி. புக் செய்யும் முன்பே, ‘வெளிநாட்டுக்காரர் தங்கலாமா? ஃபார்ம் சி போடுவீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள். இதற்குப் பதிவு செய்யாத சின்ன லாட்ஜ்களில் ராத்திரி 11 மணிக்கு, பெட்டியோடு நிற்கும் நண்பரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு நிமிட செக் லிஸ்ட்

* பாஸ்போர்ட் எந்த நாடு? 6 மாதம் செல்லுமா? 2 வெற்றுப் பக்கம் உண்டா?
* அரசு இணையதள லிங்க் அனுப்பியாயிற்றா?
* பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி... மூன்றையும் இரண்டு பேரும் தனித்தனியே சரிபார்த்தாயிற்றா?
* பழைய இந்திய விசா விவரம் கையில் இருக்கிறதா?
* மஞ்சள் காய்ச்சல் பாதிப்புள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்தோ அவற்றின் வழியாகவோ வருகிறார் என்றால், தடுப்பூசிச் சான்று உண்டா?
* திரும்பும் டிக்கெட், விசா நாள்களுக்குள் இருக்கிறதா? 30 நாள் இ-விசாவை இங்கே வந்து நீட்டிக்க முடியாது.
* ஃபார்ம் சி கணக்கு தயாரா? அல்லது ஃபார்ம் சி போடும் லாட்ஜ் புக் ஆகிவிட்டதா?

எங்கே அழைத்துப் போகலாம்?

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல். அங்கே மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல். நண்பர் முன்பு வந்தபோது கம்பெனி கார், தங்கும் அறை, தொழிற்சாலை தவிர வேறு எதையும் பார்த்திருக்க மாட்டார். இந்த முறை பழவேற்காட்டுக்கு அழைத்துப் போங்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டாலும் அவர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இன்றும் நிற்கிறது. பொங்கல் சமயம் என்றால் ஏரியில் பூநாரைகளையும் பார்க்கலாம். திருவள்ளூர் பக்கம் போனால் வீரராகவர் கோயில், 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம், கற்கால மனிதர்களின் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம்.

ஒன்றே ஒன்று மட்டும் கவனம். இ-விசாவில் வருபவர் ராணுவக் குடியிருப்புகளுக்கும், தடை செய்யப்பட்ட, பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் போக முடியாது. பழவேற்காட்டுக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ‘பக்கத்துலதானே ராக்கெட் விடுற இடம்’ என்று படகைத் திருப்பிவிடாதீர்கள்.

திரும்பிப் போகும் நாளில், பாஸ்போர்ட்டையும் விசா பிரின்ட்டையும் கைப்பையில் வைத்திருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். சொன்ன தேதிக்கு வந்து, சொன்ன காரியத்தை மட்டும் செய்து, சொன்ன தேதிக்குக் கிளம்பினால், அடுத்த முறை ‘இதற்கு முன் இந்தியா வந்திருக்கிறீர்களா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று தயங்காமல் எழுதலாம். ரெஃபரென்ஸ் கட்டத்தில் அப்போதும் உங்கள் பெயர் இருக்கும்.